ஈயத்தை அளக்கும் அன்றே துத்தநாகத்தையும் அளக்க வேண்டும்: சேலம் மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

சேலம் மாவட்ட ஆட்சியர், கால்நடை பராமரிப்புத் துறையின் மண்டல இணை இயக்குநர், மாவட்டக் கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் ஒன்றியத்தார், மாநகராட்சி இறைச்சிக் கூடப் பொறுப்பாளர்கள் ஆகியோர் கவனத்துக்கு.

வணக்கம்.

சேர்வராயன் மலையில் தெளிவாக இறங்கும் திருமணிமுத்தாறு, சேலம் நகரத்தைக் கடக்கும்போது சாக்கடையையும் சாயக் கழிவையும் சுமந்துகொண்டுதான் வெளியேறுகிறது. அந்தத் தண்ணீர் பாயும் நிலங்களில் கோ-4 புல் தளதளவென்று வளர்கிறது. அதை மாடு தின்கிறது, பாலை நாம் குடிக்கிறோம். ஆட்டின் ஈரலும் சுவரொட்டியும் ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு வருகின்றன. இந்தச் சங்கிலியில் கன உலோகம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்ற கேள்வி எழும்போதெல்லாம் ஈயம் எத்தனை, காட்மியம் எத்தனை என்று இரண்டு எண்களைக் கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்வது வழக்கமாகிவிட்டது. அந்த இரண்டு எண்களை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது என்பதைச் சொல்லத்தான் இந்த மடல். அதே மாதிரியில் துத்தநாகம், தாமிரம், இரும்பு, செலினியம் ஆகியவற்றையும் அளக்க வேண்டும். தீவனத்தில் கால்சியத்தையும் மாலிப்டினத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். காரணத்தை விரிவாகவே சொல்கிறோம்.

குடலில் ஈயத்துக்கென்று தனி வாசல் கிடையாது. இரும்பை உள்ளே இழுக்கும் கடத்திப் புரதம் ஒன்று சிறுகுடலின் முன்பகுதியில் இருக்கிறது. உடலில் இரும்பு குறைந்தால் குடல் அந்தக் கடத்திகளைக் கூடுதலாக உண்டாக்குகிறது. கிடைக்கிற இரும்பையெல்லாம் பிடித்துக்கொள்ளத்தான் இந்த ஏற்பாடு. ஈயமும் காட்மியமும் அதே வாசலில் நுழைந்துவிடுகின்றன. கால்சியம் குறைந்தாலும் கதை இதுதான். கால்சியத்துக்காகத் திறக்கும் வழியில் ஈயம் உள்ளே போய், கால்சியம் உட்கார வேண்டிய எலும்பிலேயே உட்கார்ந்துகொள்கிறது. சினையிலும் கறவையிலும் எலும்பு கரையும்போது அந்த ஈயம் மறுபடி ரத்தத்துக்கு வருகிறது. ஒரு லிட்டர் பாலில் சுமார் 1.2 கிராம் கால்சியம் வெளியேறுகிறது. பத்து லிட்டர் கறக்கும் மாட்டுக்கு வைக்கோலும் மரவள்ளித் திப்பியும் மட்டும் போட்டுவிட்டு, அதன் எலும்பில் பழைய ஈயம் இல்லை என்று யார் உறுதி சொல்ல முடியும்?

வளர்ந்த மாடு வாய்வழி போகும் ஈயத்தில் மிகச் சிறு பங்கையே உறிஞ்சும். பால் குடிக்கும் கன்றின் நிலை வேறு. பாலில் இரும்பு மிகக் குறைவு, கன்றின் குடலோ எதையும் உறிஞ்சும் வேகத்தில் இருக்கிறது. அதனால் அதே அளவு ஈயத்தில் கன்று பல மடங்கு கூடுதலாக உறிஞ்சிக்கொள்கிறது. பழைய லாரி பேட்டரியைப் பிரித்த இடத்தில் கட்டப்பட்ட கன்று அந்தச் சாம்பல்நிறப் பசையை நக்கும். தகட்டுத் துண்டு தேனடை போன்ற இரண்டாம் வயிற்றில் தங்கி, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். பல்லை நறநறவென்று கடிப்பது, காது துடிப்பது, கண் தெரியாமல் சுவரில் தலையை முட்டிக்கொண்டு நிற்பது, அசைபோடாமல் போவது ஆகியவை அதன் அடையாளங்கள். இதை வெறிநோய் என்று நினைத்துக் கைவிடுவதும் நடக்கிறது, வைட்டமின் பி1 குறைவு என்று நினைத்து அந்த ஊசியை மட்டும் போடுவதும் நடக்கிறது. அந்த ஊசி ஈயத்திலும் ஓரளவு உதவும். அதனால் தெரியும் சிறு முன்னேற்றமே நோயறிதலைத் தவறவிடச் செய்கிறது. ஈயத்தை வெளியேற்றக் கொடுக்கும் கால்சியம் ஈடிடிஏ துத்தநாகத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். சிகிச்சை முடிந்த கையோடு துத்தநாகத்தை ஈடுகட்டாவிட்டால், ஈயம் ஏற்கெனவே முடக்கிவைத்த நொதிகள் மீள்வது தாமதமாகும். ரத்தச் சிவப்பை உண்டாக்கும் பாதையில் ஈயம் முதலில் தாக்கும் நொதியே துத்தநாகத்தை நம்பி வேலை செய்வதுதான்.

காட்மியத்தைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். கேடிஎம் நகை என்ற பெயரால் பற்றவைப்புக் காட்மியத்தை நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். குடலில் நுழைந்த காட்மியம் ஈரலுக்குப் போகிறது. அங்கே மெட்டலோதயோனின் என்ற சிறு புரதம் அதைப் பிடித்துக்கொள்கிறது. 1957-ல் குதிரையின் சிறுநீரகத்திலிருந்து முதலில் பிரித்தெடுக்கப்பட்ட புரதம் இது. அறுபது சொச்சம் அமினோ அமிலங்களில் இருபது, கந்தகமுள்ள சிஸ்டீன். ஒரு மூலக்கூறு ஏழு துத்தநாக அணுக்களைத் தாங்கும். துத்தநாகம் போதுமான அளவு கிடைக்கும் உடலில் இந்தப் புரதம் ஏற்கெனவே கையிருப்பில் இருக்கும். காட்மியம் வந்ததும் துத்தநாகத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் அது சிறைப்படும். துத்தநாகமும் புரதமும் குறைந்த மாட்டிடம் இந்தக் கையிருப்பு இல்லை. வந்த காட்மியம் கட்டுப்படாமல் திரிந்து செல்லைச் சிதைக்கும். அதே 1957-ல் செக்கோஸ்லோவாக்கியாவின் ஆய்வாளர் பார்ஷீசெக், எலிகளில் காட்மியம் விதைப்பையை அழிப்பதைத் துத்தநாகம் தடுக்கிறது என்று காட்டினார். பத்தாண்டு கழித்து, பாதரசத்தால் சிறுநீரகம் கெடுவதைச் செலினியம் தடுப்பதையும் அவர் குழு காட்டியது.

இங்கேதான் ஒரு பொறி இருக்கிறது. சிறைப்பட்ட காட்மியம் உடலைவிட்டுப் போய்விடுவதில்லை. புரதத்தோடு சேர்ந்து ஈரலிலிருந்து கசிந்து, சிறுநீரகத்தில் வடிகட்டப்பட்டு, அங்கேயே திரும்ப உறிஞ்சப்பட்டு ஆண்டுக்கணக்கில் சேர்கிறது. மனித உடலில் அது பாதியாகக் குறையவே பத்தாண்டுக்கு மேல் ஆகிறது. செலினியம் பாதுகாத்த எலிகளின் உறுப்புகளில் உலோக அளவு குறையாமல் சில நேரம் கூடியே இருந்தது. உலோகம் அங்கேதான் இருந்தது, கேடு செய்ய முடியாத வடிவில் இருந்தது. ஆக, மாட்டுக்கு நேரும் தீங்கு குறைவது ஒரு விஷயம், தட்டுக்கு வரும் ஈரலில் உலோகம் குறைவது இன்னொரு விஷயம். தாது உப்புக் கலவை முதலாவதை நன்றாகவே செய்யும். குடலில் உறிஞ்சுவதைக் குறைக்கும் அளவுக்கு இரண்டாவதற்கும் உதவும், அதற்கு மேல் முடியாது. கலவை கொடுத்துவிட்டோம், இனி ஆற்றுத் தண்ணீரைப் பற்றிக் கவலையில்லை என்று யாராவது சொன்னால் தயவுசெய்து ஏற்க வேண்டாம்.

ஆய்வறிக்கையைப் படிப்பவர்களுக்கு இதிலிருந்தே இன்னொரு எச்சரிக்கை. சிறுநீரகத்தில் காட்மியம் ஏற ஏற, மெட்டலோதயோனினும் ஏறி, அதோடு துத்தநாகமும் அங்கே சேரும். சிறுநீரகத் துத்தநாகம் அதிகம் என்ற எண்ணைப் பார்த்து, மாட்டுக்குத் துத்தநாகம் போதும் என்று எழுதிவிடக் கூடாது. ஈரலையும் தீவனத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். காட்மியம் குடலில் இதே புரதத்தைத் தூண்டிவிடுவதால் தாமிரமும் குடல் சுவரிலேயே மாட்டிக்கொள்ளும். காட்மியம் மிதமாக இருக்கும் இடத்தில் விஷ அறிகுறி எதுவும் தெரியாமல், ஈரலில் தாமிரம் வற்றிப்போன கன்றுகள் மட்டும் கண்ணில் படலாம். கண்ணைச் சுற்றிய கருமுடி செம்பட்டையாகி, கண்ணாடி போட்டது போல நிற்கும் கன்றுகள் அவை.

தாமிரத்துக்குத் தனியாக எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நம் மாவட்டம் மேச்சேரி ஆட்டின் சொந்த ஊர். மாட்டுக்கு அவசியமான தாமிரம் செம்மறிக்கு நஞ்சாகும் எல்லை மிகக் கிட்டத்தில் இருக்கிறது. மாட்டுத் தீவனத்தில் உலர் எடைக் கிலோவுக்கு 10 மில்லிகிராம் தேவை, 40 வரை மாடு தாங்கும். செம்மறிக்குத் தேவை 7 முதல் 11, தாங்கும் எல்லை 15. இந்தியத் தர நிறுவனத்தின் கால்நடைத் தாது உப்புக் கலவையில் தாமிரம் 0.1 சதவீதம், துத்தநாகம் 0.8 சதவீதம். இதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து கிலோ உலர் தீவனம் தின்னும் கறவை மாட்டுக்கு நாளைக்கு 50 கிராம் கலவை கொடுத்தால் தாமிரம் 50 மில்லிகிராம், அதாவது தேவையில் பாதி. துத்தநாகம் 400 மில்லிகிராம், அதாவது தேவை முழுவதும். மாட்டுக்குச் சரியான கலவைதான். அதே பையிலிருந்து 10 கிராமை, ஒரு கிலோ தீவனம் தின்னும் செம்மறிக்குப் போட்டால், கலவையிலிருந்து மட்டும் கிலோவுக்கு 10 மில்லிகிராம் தாமிரம் ஏறிவிடும். புல்லிலும் தழையிலும் 5 முதல் 8 ஏற்கெனவே இருக்கும். கூட்டினால் 15 முதல் 18. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். ஆட்டுக்குப் போடும்போது அளப்பது மட்டும் போதாது, பையையே மாற்ற வேண்டும். வெள்ளாடு தாங்கிக்கொள்ளும், செம்மறி தாங்காது. சேலம் கருப்பு வெள்ளாடும் மேச்சேரியும் ஒரே பட்டியில் நிற்கும் வீடுகளில் இந்த வேறுபாடு தெரியாமல் ஒரே தொட்டியில் போடுகிறார்கள்.

இந்தத் தாமிரம் உடனே எதுவும் காட்டாது. வாரங்கள், மாதங்கள் ஈரலில் சேர்ந்துகொண்டே இருக்கும். ஆடு கொழுகொழுவென்றுதான் தெரியும். பிறகு சந்தைக்கு லாரியில் ஏற்றியபோதோ, சினை முற்றிய நேரத்திலோ, தீவனம் தட்டுப்பட்ட வாரத்திலோ ஈரல் அத்தனையையும் ரத்தத்தில் கொட்டிவிடும். சிவப்பணுக்கள் உடையும். கண் மஞ்சளாகும், மூத்திரம் காபி டிக்காஷன் நிறத்தில் போகும், ஓரிரு நாளில் ஆடு சாயும். அறுத்துப் பார்த்தால் சிறுநீரகம் மைபூசியது போலக் கருநீலமாக இருக்கும். அந்த நேரத்தில் ஈரலில் தாமிரம் இறங்கிவிட்டிருக்கலாம் என்பதால் சிறுநீரகத்தையும் சேர்த்து அனுப்புங்கள். ஈர எடையில் ஈரலில் கிலோவுக்கு 150 மில்லிகிராம், சிறுநீரகத்தில் 15 மில்லிகிராம் தாண்டினால் தாமிர நஞ்சு என்று எடுத்துக்கொள்ளலாம். மந்தையில் மிச்சம் இருக்கும் ஆடுகளைக் காப்பாற்றுவது அம்மோனியம் மாலிப்டேட்டும் சோடியம் சல்பேட்டும். மாலிப்டினமும் கந்தகமும் முதல் வயிற்றில் சேர்ந்து தயோமாலிப்டேட் ஆகித் தாமிரத்தைக் கட்டிவிடும். இந்தக் கட்டுதான் மாட்டில் தொல்லையாகவும் மாறுகிறது. தீவனத்தில் தாமிரம் மாலிப்டினத்தைப்போல் இரண்டு மடங்குகூட இல்லாவிட்டால் மாட்டுக்குத் தாமிரக் குறைவு வரும். பத்து மடங்குக்கு மேல் போனால் செம்மறிக்கு ஆபத்து. மாலிப்டினத்தை அளக்காமல் தாமிரத்தை மட்டும் அளந்தால் பாதி விடைதான் கிடைக்கும் என்று சொல்வது இதனால்தான்.

ஏற்காட்டுப் பக்கம் இதற்கு ஒரு மலைநாட்டு வடிவம் உண்டு. காபியில் இலைத்துரு வராமல் இருக்க 0.5 சதவீத போர்டோ கலவை தெளிக்கிறார்கள். நூறு லிட்டருக்கு 500 கிராம் மயில்துத்தம், அதில் கால் பங்கு தாமிரம். அப்படியானால் ஒரு லிட்டர் கரைசலில் சுமார் 1,250 மில்லிகிராம். ஒரு செம்மறியின் ஒரு நாள் தேவை 10 மில்லிகிராம் என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தெளித்த காபிக்குக் கீழே முளைத்த புல்லை அறுத்து ஆட்டுக்குப் போடுவதும், கரைசல் கலந்த தொட்டியின் அருகில் ஆட்டை விடுவதும் நிறுத்தப்பட வேண்டும். நல்ல மழை பெய்து இலை கழுவப்பட்ட பிறகே மேய்ச்சல் என்று எஸ்டேட் வாசலில் ஒரு பலகை வைத்தால்கூடப் பெரிய உதவி. ஆட்டுக் கால் புண்ணுக்கு மயில்துத்தக் குளியல் வைப்பவர்கள் 10 சதவீதத் துத்தநாக சல்பேட்டுக்கு மாறலாம். ஆடு குனிந்து குடிக்காதபடி தொட்டியைக் காக்க வேண்டும், முடிந்ததும் கொட்டிவிட வேண்டும்.

இங்குள்ள தீவனத்தின் குணமும் கணக்கில் வர வேண்டும். ஆத்தூர்ப் பக்கம் சேகோ ஆலைகளிலிருந்து வரும் மரவள்ளித் திப்பி மலிவானது, மாவுச்சத்து உள்ளது, புரதமும் தாதுவும் மிகக் குறைவு. சிஸ்டீன் இல்லாமல் மெட்டலோதயோனின் உண்டாகாது. சிஸ்டீனுக்குப் புரதமும் கந்தகமும் வேண்டும். திப்பியை நம்பி வளரும் மாட்டுக்குப் பிண்ணாக்கும் பயறுவகைத் தீவனமும் சேர்க்காமல் துத்தநாகம் மட்டும் கொடுப்பது, கொத்தனார் இல்லாத இடத்தில் செங்கல்லைக் கொட்டுவது மாதிரி. வைக்கோலில் உள்ள ஆக்சலேட் கால்சியத்தைக் கட்டிவிடுகிறது. செம்மண்ணில் மேயும்போது புல்லோடு மண்ணும் உள்ளே போகிறது. அந்த இரும்பு தாமிரத்தை உறிஞ்சவிடாது. அதனால் வளர்ந்த மாட்டுக்கு இரும்பு டானிக் வாங்கிக் கொடுப்பது பெரும்பாலும் வீண்செலவு, தாமிரத்துக்குக் கெடுதலும்கூட. இரும்பு தேவைப்படுவது பால் மட்டுமே குடிக்கும் கன்றுக்கும், குட்டிக்கும்.

வெள்ளைக்கல் (மேக்னசைட்) சுரங்கப் பகுதிக்கு ஒரு வரி. அந்தப் பாறைகளிலேயே குரோமியமும் நிக்கலும் இயற்கையாகக் கூடுதல். அங்கே எடுத்த மண்ணிலோ புல்லிலோ இவ்விரண்டும் ஏறிக் காட்டினால் உடனே ஆலைக் கழிவு என்று முடிவு கட்டாமல், ஆலை எட்டாத மேட்டு நிலத்திலிருந்து ஒப்பீட்டு மாதிரி எடுக்க வேண்டும்.

இனி மாதிரி எடுக்கும் முறை. இதில் தவறினால் மேலே சொன்ன எதுவும் பயன்படாது.

வயதைக் குறிக்காத மாதிரியை எடுக்கவே வேண்டாம். காட்மியம் வயதோடு ஏறுவது. ஒரு வயதுகூட ஆகாத கிடாய்க் குட்டியின் சிறுநீரகத்தை மட்டும் சோதித்து, மாவட்டத்தில் காட்மியம் இல்லை என்று எழுதுவது மக்களுக்குப் பொய்யான நிம்மதியைத் தரும். பல்லைப் பார்த்து இரண்டு பல், நான்கு பல், கடை சேர்ந்தது என்று எழுதுங்கள். பால் வற்றிய வயதான மாடுகளும் பட்டியலில் இருக்கட்டும். எந்த ஊரிலிருந்து, எந்தத் தண்ணீரில் வளர்ந்த புல் தின்றது, திப்பியா, அடர்தீவனமா, தாது உப்புக் கலவை கொடுத்தார்களா என்பவை அதே அட்டையில் இருக்க வேண்டும்.

ஈரலில் எப்போதும் ஒரே மடலிலிருந்து 50 கிராம். சிறுநீரகத்தில் காட்மியம் வெளிப்புறப் பட்டையில்தான் குவிந்திருக்கும். ஒருவர் பட்டையையும் இன்னொருவர் முழுச் சிறுநீரகத்தையும் அரைத்து அனுப்பினால் எண்களை ஒப்பிட முடியாது. எதை எடுத்தோம் என்று எழுதிவிட வேண்டும். செய்தித்தாளில் சுற்றக் கூடாது. கறிக்கடைக் குழாய்த் தண்ணீரில் கழுவக் கூடாது. சுத்தமான பாலித்தீன் பையில் போட்டு, மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள். ஈயத்துக்கு ரத்தம் எடுத்தால் முழு ரத்தமாக, உறையாமல் தடுக்கும் குழாயில் எடுக்க வேண்டும். ஈயம் சிவப்பணுவில் இருப்பதால் சீரத்தைப் பிரித்து அனுப்பினால் அந்த மாதிரி வீண். துத்தநாகத்துக்குச் சீரம் வேண்டும், ஆனால் சாதாரண ரப்பர் மூடியிலிருந்தே துத்தநாகம் கசியும். அதற்கென்று விற்கும் குழாய்தான் சரி. தாமிரத்துக்குச் சீரத்தை நம்பாதீர்கள். ஈரல் காலியான பிறகுதான் சீரத்தில் குறையும்.

ஆய்வகத்திடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். முதலாவது, எண் ஈர எடையிலா, உலர் எடையிலா? ஈரலில் ஏறத்தாழ 70 சதவீதம் நீர். உலர் எடையில் வந்த எண் ஈர எடையைவிட மூன்று மடங்குக்குச் சற்று மேல் பெரிதாகத் தெரியும். ஐரோப்பிய ஒன்றியத்தின் காட்மிய எல்லை கிலோவுக்கு ஈரலில் 0.5, சிறுநீரகத்தில் 1 மில்லிகிராம் என்பது ஈர எடையில்தான். இரண்டையும் குழப்பியதால் தேவையில்லாத பீதியும் வரும். அடுத்து, எந்தக் கருவி? பாலில் ஈயத்தின் எல்லை கிலோவுக்கு 0.02 மில்லிகிராம். சுடர்முறைக் கருவிக்கு அந்த அளவு எட்டாது. அதில் கண்டறியப்படவில்லை என்று வந்தால் அதற்கு அர்த்தமே இல்லை. மிகச் சிறு அளவையும் காணும் கிராஃபைட் உலைக் கருவியோ ஐசிபி-எம்எஸ் கருவியோ வேண்டும். மூன்றாவது, அதே தொகுதியில் உலோகம் சேராத வெற்று மாதிரியும், அளவு தெரிந்த மாட்டு ஈரல் தர மாதிரியும் ஓட்டினார்களா? இல்லையென்றால் பணம் கொடுக்க வேண்டாம்.

கலவை வாங்கும்போதும் கவனம் வேண்டும். துத்தநாக உப்பு சில நேரம் கால்வனைசிங் சாம்பலிலிருந்து வருவது. துத்தநாகத்தோடு ஈயமும் காட்மியமும் தொற்றிக்கொண்டு வரும். டைகால்சியம் பாஸ்பேட்டின் மூலப் பாறையில் காட்மியமும் ஃபுளோரினும் உண்டு. காப்பாற்றுவதற்காகப் போடும் உப்பே உலோகத்தைக் கொண்டுவந்து சேர்க்கக் கூடாது. உரக்கடைத் துத்தநாக சல்பேட்டை மாட்டுக்குப் போடும் பழக்கத்தையும் நிறுத்தச் சொல்லுங்கள். செலினியத்தில் இன்னும் கவனம். தேவை கிலோவுக்கு 0.1 முதல் 0.3 மில்லிகிராம், 5 தாண்டினால் நஞ்சு. கிராமத்தில் கையால் அள்ளிக் கலக்கும் பொருள் அல்ல அது. ஆலையில் முன்கலவையாகவே வர வேண்டும்.

ஜப்பானில் ஜின்சு ஆற்றங்கரையில் காட்மியம் கலந்த சுரங்கக் கழிவுநீர் பாய்ந்த நெல்லைத் தின்றவர்களுக்கு எலும்பு முறியும் நோய் வந்தது. அது மாசினால் வந்த நோய் என்று 1968-ல் அந்நாட்டு அரசு ஏற்றது. அதிகம் வதைபட்டவர்கள் பல பிள்ளை பெற்று, கால்சியம் கரைந்துபோன பெண்கள். நம் ஆற்றங்கரையின் கறவை மாட்டைப் பற்றிக் கவலைப்படும்போது, அதே புல்லை அறுத்துச் சுமக்கும் பெண்களையும் சோதனைத் திட்டத்தில் நினைவில் வைக்க வேண்டுகிறோம்.

ஆகவே நாங்கள் கேட்பது இவை. திருமணிமுத்தாற்றங்கரையிலும், அந்த ஆறு எட்டாத மேட்டூர்ப் பக்கத்து மானாவாரிக் கிராமங்களிலும், ஏற்காட்டு எஸ்டேட்களிலும் ஒரே நாளில், ஒரே முறையில், வயது குறித்த ஈரல், சிறுநீரகம், தீவனம், தண்ணீர் மாதிரிகளை எடுங்கள். மழைக்கு முன் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை. தலைவாசலிலும் நாமக்கல்லிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் பக்கத்திலேயே இருக்கின்றன. நஞ்சு உலோகங்களோடு தாதுக்களையும் ஒரே அறிக்கையில் வெளியிடுங்கள். பேட்டரி பிரிக்கும் இடங்களும் பற்றவைப்புப் பட்டறைகளின் சாம்பலும் எங்கே கொட்டப்படுகின்றன என்று கண்டு, அங்கே மேய்ச்சலைத் தடுங்கள். கூட்டுறவுச் சங்கத்தில் விற்கும் ஒவ்வொரு தாது உப்புக் கலவைப் பையிலும் கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் தாமிரம் என்பதும், மாட்டுக்கு மட்டும், செம்மறிக்குக் கூடாது என்பதும் பெரிய தமிழ் எழுத்தில் இருக்கட்டும். தாமிரம் சேர்க்காத செம்மறிக் கலவை மேச்சேரிச் சந்தையில் தனிப் பையில் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
சேலம் மாவட்டத்தில் கால்நடைத் தீவனமும் ஆய்வகப் பணியும் அறிந்தவர்கள்